நாற்பது கிலோ

வெல்டருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக அக்கா சொன்னாள். ஆனால் நூற்று முப்பது கிலோ உடம்புக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். எனவே இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு வெல்டர் துணிந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், வேளைக்கு நாலு ஸ்பூன் சாப்பாடு என்று பதினான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது கிலோ குறைத்தார்.

“கல்யாணத்தப்போகூட நீ இவ்வளவு ஒல்லியா இல்லடா” என்று அக்கா சிரித்தாள்.

கடைசிப் பரிசோதனையில் அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இனி அவளிடமிருந்து எடுக்க முடியாது. கொடுக்க வேறு ஆளும் இல்லை.

“உன்ன வீணா பட்டினி போட்டுட்டேனேடா” என்று அவள் உடைந்து அழுதாள்.

“விடுக்கா. நீயாவது மாத்திரைய ஒழுங்காப் போடு” என்றார்.

மறுநாள் டயாலிசிஸுக்கு அவர் போகவில்லை.