மருந்து எடுத்த கார்

காலை ஏழே முக்காலுக்குக் காரின் பானெட்டைத் தொட்டபோது சூடாக இருந்தது. இன்ஜினை ஆறப்போட்டு வையுங்கள், நாங்கள் வந்து ஸ்டார்ட் செய்துகொள்கிறோம் என்று மெக்கானிக் விக்னேஷ்குமார் விற்பவரிடம் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தான். காலையில் முதல் தடவை எடுக்கும்போதுதான் பழைய வண்டியின் குறை தெரியும். அவன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

காரை விற்பவர் பாண்டிச்செல்வம். ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே சின்ன பட்டாசு ஆலை, அதைச் சுற்றிக் கரிசல் காடு, இரண்டும் அவருடையவை. விக்னேஷ்குமாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க வந்த மாரிக்கண்ணன் அந்த ஆலையில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். போன சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டான். பள்ளிக்கூடம் திறந்ததும் தெருப்பிள்ளைகள் ஏழு பேரைச் சாத்தூருக்கு ஏற்றிப் போக அவர்களின் வீடுகளில் பேசியிருந்தான். ஏழில் ஒருத்தி அவன் மகள் ஓவியா.

"ஒக்காருங்க தம்பி, டீ வருது." பாண்டிச்செல்வம் விக்னேஷ்குமாருக்கு நாற்காலியைக் காட்டினார். மாரிக்கண்ணன் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகி, செல்போனில் பார்த்தான் விக்னேஷ்குமார். இன்ஜினில் கோளாறு இல்லை. பிரேக்கில் இல்லை. ஏர்பேக் பகுதியைத் திறந்ததும் இரண்டு பிழைகள் வந்தன. ஓட்டுபவர் பக்கம் இணைப்பு இல்லை. பக்கத்து சீட்டுக்கும் இல்லை. அழித்தான். சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி போட்டான். இரண்டும் திரும்ப வந்தன.

ஆனால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை. கோளாறு இருந்தால் எரிந்தே ஆகவேண்டும். அந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். கறுப்பாக ஒரு துண்டு உரிந்து வந்தது. பட்டாசுப் பெட்டி லேபிளில் வெட்டியது. அடியில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதைத் துடைத்தான். போகவில்லை.

"அடிபட்ட வண்டியா அண்ணாச்சி?"

"ஒரு கீறல் காட்டுங்க பாப்பம்." பாண்டிச்செல்வம் சிரித்தார். "ரெண்டையும் நாந்தான் கழட்டச் சொன்னேன். அதுக்குள்ள என்ன இருக்கு? மருந்து. கரண்டு பாஞ்சா வெடிக்கும். அத வச்சிக்கிட்டு குடோன் வாசல்ல எவனாவது வண்டிய நிப்பாட்டுவானா? தொழில் தெரிஞ்சவன் செய்யிற வேல தம்பி."

"கழட்டுனத என்ன பண்ணீக?"

"தண்ணியில்லாத கெணறு ஒண்ணு கெடக்கு. அதுல போட்டாச்சு."

"வாங்குறவர்கிட்ட சொல்லணும்ல?"

பாண்டிச்செல்வம் காருக்குப் பின்னால் பார்த்தார். "ஏலே மாரிக்கண்ணா, ஏர்பேக் இருந்தாத்தான் ஏறுவேன்னு ஒங்க தெருவுல எவன்லே சொன்னான்? லோடு ஆட்டோவுல அடைஞ்சு வார ஆளுகதான நீங்க?"

மாரிக்கண்ணன் சிரித்தான். விக்னேஷ்குமார் ஸ்கேனரைக் கழற்றினான்.

"வெலையில பாத்துச் செய்யிறேன். வேண்டாம்னா விட்டுரு. திங்கக்கிழம மருந்து ரூமுக்கு வந்துரு. ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு."

டீ வந்தது. விரலில் பசையோடு கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. விக்னேஷ்குமார் அதைக் கீழே வைத்தான். பாண்டிச்செல்வம் போனில் யாரிடமோ சீசன் ஆர்டர் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"வேண்டாம் மாரி," என்றான் விக்னேஷ்குமார் மெதுவாக. "பிள்ளைகள ஏத்துற வண்டி. ஒரு மாசம் பொறுங்க, வேற பாப்பம்."

"ஒரு மாசம் எங்கன பொறுக்க? ஏழு வீட்லயும் மொதத் தேதின்னு சொல்லிட்டேன். நான் இல்லேன்னா வேற ஆள் பேசிருவாக." மாரிக்கண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஒரு வாரமாகத் தேய்த்தும் ரேகைகளில் மருந்தில் கலக்கும் வெள்ளித்தூள் போகவில்லை. "திரும்ப அந்த ரூமுக்குப் போகமாட்டேண்ணே. இன்ஜின் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

ஸ்கேனர் காட்டியவரை உண்மைதான். சொன்னதும் வாய் கசந்தது. திரும்பித் துப்பினான்.

மாரிக்கண்ணன் முன்கதவைத் திறந்தான். ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டைக் கையால் தட்டித் தூசி போக்கினான். ஓரத்திலிருந்து ஓரம்வரை சாண் போட்டு அளந்தான். மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"அண்ணே, சின்னப் பிள்ளைகன்னா முன்னாடி ரெண்டு பேர் ஒக்காரலாம்ல?"