ஒரு நாள் குஞ்சுகள்

எல்லைச் சாவடியின் இரண்டு கொடிக்கம்பங்களும் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் லாரியின் விசிறிகள் நின்றன.

"மச்சான், சத்தம் நின்னு போச்சு," என்றான் ஓட்டியவன்.

"குஞ்சு சத்தமா?" பக்கத்தில் அரைத் தூக்கத்தில் இருந்த பண்ணைக்காரன் நிமிர்ந்தான்.

"விசிறி. குஞ்சு கத்திக்கிட்டுத்தான் இருக்கு. கொஞ்சம் அதிகமாவே கத்துது."

ஓட்டியவன் பண்ணைக்காரனின் தங்கை புருஷன். லாரி அவனுடையது. பின்னால் அட்டைப் பெட்டிகளில் இருந்த குஞ்சுகள் பண்ணைக்காரனுடையவை. எல்லாம் நேற்று முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவை. தொழிலில் அவற்றுக்கு ஒரு நாள் குஞ்சு என்று பெயர். தீனியும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு நாள்கூடத் தாங்கும். காற்று இல்லாமல் தாங்காது.

"ஃபியூஸ் போயிருக்கும். மாத்த ஒரு நிமிஷம்," என்றான் பண்ணைக்காரன்.

"ஃபியூஸ் பெட்டி உள்ள இருக்கு."

"தெரியும். பாடி கட்டினவனை இழுத்துட்டு வந்து உள்ள போடணும்."

முன்பெல்லாம் ஃபியூஸ் உள்ளே இருந்தும் தொல்லை வந்ததில்லை. கதவை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். இந்தப் பக்கத்துச் சுங்கக்காரர்கள் திறந்து எண்ணுவார்கள், அந்தப் பக்கத்தார் திறந்து மறுபடி எண்ணுவார்கள், பிறகு எல்லாப் பெட்டியையும் இறக்கி அவர்கள் ஊர் லாரியில் ஏற்றுவார்கள். ஒன்றரை நாள் தின்றுவிடும். ஆனால் குஞ்சுகளுக்குக் காற்று கிடைத்தது.

இப்போது இரண்டு அரசாங்கங்களும் கைகுலுக்கிக்கொண்டன. சரக்கு ஏற்றும் இடத்திலேயே சோதனை செய்து, கதவில் மின்பூட்டு ஒன்றை மாட்டிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அக்கரையில் சரக்கு இறங்கும் இடத்தில்தான் அது திறக்கும். எல்லையில் ஒரே கூடம், ஒரே மேசை. இரு நாட்டு அதிகாரிகளும் அருகருகே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தங்கள் அட்டைகளைக் கருவியில் வைத்தால் தடுப்புக் கம்பம் எழும்பும். உயிருள்ள சரக்கில் இந்த லாரிதான் முதல். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அக்கரை வியாபாரி வாராவாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். சேராவிட்டால் குஞ்சு பொரிக்கும் கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான். இரண்டு நாட்டுச் சந்தையை நம்பித்தான் பண்ணைக்காரன் அதைப் பெரிதாகக் கட்டியிருந்தான்.

லாரியை நிறுத்திவிட்டுப் பண்ணைக்காரன் நுழைந்தபோது சாவடிக் கூடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மேலே இரண்டு கடிகாரங்கள். இரு பக்கமும் பேசியது ஒரே மொழிதான். அக்கரை நேரம் மட்டும் அரைமணி முன்னால் ஓடியது.

"அக்கரை அதிகாரியம்மா சாப்பிடப் போயிருக்காங்க. அவங்க ஊர்ல மணி ஒண்ணாயிடுச்சு," என்றார் இக்கரை அதிகாரி. சாந்தமான மனிதர்.

"சார், விசிறி நின்னு போச்சு. உள்ள குஞ்சு."

"என் அட்டையை மட்டும் வெச்சா கம்பம் எழும்பாதே தம்பி."

"கதவையாவது திறந்து விடுங்க சார். ஃபியூஸ் மாட்டிட்டு மூடிடறேன்."

அவர் தலையை ஆட்டினார். "வழியில திறந்தா அது யாரோட கோழின்னே தெரியாதுன்னு ஆயிடும். எங்கயோ இருந்து உள்ள ஏத்தினதுன்னு கணக்கு. நோய் பயம் பாருங்க. இவங்களும் எரிக்கச் சொல்வாங்க, அவங்களும் எரிக்கச் சொல்வாங்க. அதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமை."

"எப்ப வருவாங்க?"

"அவங்க வர்ற நேரம் நான் சாப்பிடப் போயிருப்பேன். எனக்கு சுகர் இருக்கு, நேரம் தப்பினா மயக்கம் வரும். கொஞ்சம் பொறுங்க. முன்னாடி ஒண்ணரை நாள் நின்னீங்களே, இப்ப ஒண்ணரை மணிதானே?"

பூட்டில் ஒத்துப்போனவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒத்துப்போக மறந்திருந்தார்கள்.

பண்ணைக்காரன் வெளியே வந்தான். ஓட்டியவன் இரும்புக் கம்பியைக் கையில் வைத்திருந்தான்.

"உடைச்சிடுவோம் மச்சான்."

"உடைச்சா எரிச்சிடுவான். உன் லாரியையும் பிடுங்கிக்குவான்."

"லாரி என் கவலை. நீ கோழியைச் சொல்லு."

பண்ணைக்காரன் லாரியின் தகரத்தில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே இரைச்சல் கெட்டியாக இருந்தது. "முன்பக்கம் காத்து வர்ற சந்து இருக்குல்ல? லாரி ஓடினா காத்து போகும்."

"எங்க ஓட்டறது?"

"இங்கயேதான். சுத்து."

சாவடி முற்றத்தில் லாரி வட்டம் போட்டது. வெயிலில் தகரம் கொதித்தது. வேகம் எடுத்தால் முனையில் திரும்ப முடியவில்லை, குறைத்தால் காற்றுப் போகவில்லை. வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னண்ணே, லைசென்ஸ் எடுக்கப் பழகறீங்களா?"

"எட்டு போடச் சொல்லலையா?"

"உங்கப்பனுக்குப் போட்டுக் காட்டுறேன் இரு," என்று ஜன்னல் வழியே கத்திவிட்டு ஓட்டியவன் மறுபடி திருப்பினான். காவலாள் விசிலை ஊதியபடி பின்னால் ஓடிவந்து, வெயில் தாங்காமல் நிழலுக்குப் போய்விட்டான்.

கூடத்தில் இரண்டு அட்டையும் சேராததால் எந்த லாரியும் கிளம்பவில்லை. வந்துகொண்டே இருந்தன. சிமெண்ட் வந்தது, வெங்காயம் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஒவ்வொன்றும் முற்றத்தில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ள, வட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் வெங்காய லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை.

பண்ணைக்காரன் கூடத்துக்கு ஓடினான். அக்கரை அதிகாரி திரும்பியிருந்தாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவர் எங்க?"

"சாப்பிடப் போயிருக்காரும்மா."

அவள் போன் போட்டாள். பக்கத்து நாற்காலிக்கு எதிரே, மேசை மேலேயே மணி அடித்தது. அவர் போனை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, கேண்டீனுக்கு ஓடுங்க. நான் போகக் கூடாது, அது உங்க எல்லைக்குள்ள இருக்கு."

கேண்டீனில் அவர் இல்லை. சாப்பிட்டுவிட்டு மாத்திரை வாங்கக் கடைத்தெருப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். பண்ணைக்காரன் கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டு, வியர்வையில் சட்டை ஒட்டத் திரும்பி வந்தபோது அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு பாதையில் வந்திருந்தார். இரண்டு அட்டைகளும் வைத்தாகிவிட்டது. கம்பம் எழும்பி நின்றது.

"அந்தம்மா சொன்னாங்க. உடனே வெச்சிட்டேன் தம்பி," என்றார். பொய்யில்லை.

வெளியே இரு நாட்டு மேலதிகாரிகளும் வந்திருந்தார்கள். புகைப்படக்காரர் ஒருவரும் வந்திருந்தார். வெங்காய லாரியை விரட்டிவிட்டு, குஞ்சு லாரியைக் கம்பத்தின் அடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பு ஒன்றரை நாள், இன்று ஒரே மத்தியானம் என்று அவர்களில் ஒருவர் உரக்கச் சொன்னார். சிலர் கை தட்டினார்கள். பண்ணைக்காரனை இரண்டு மேலதிகாரிகளுக்கும் நடுவில் நிறுத்தினார்கள்.

"கொஞ்சம் சிரிங்க," என்றார் புகைப்படக்காரர்.

அக்கரை அதிகாரி லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு காதை வைத்தாள். நிமிர்ந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்துக்குள் போய்விட்டாள். படத்தில் அவள் இல்லை.

லாரி அக்கரையில் ஓடியது. சாலை நன்றாக இருந்தது, புதிதாகப் போட்டிருந்தார்கள். இப்போது முன்பக்கச் சந்து வழியாகக் காற்று தாராளமாகப் போயிற்று.

"திரும்பிடலாமா மச்சான்?"

"திரும்பி? பூட்டு அங்கதான் திறக்கும்."

"ஒண்ணு ரெண்டாவது இருக்காதா?"

"இருந்தா கத்தும்ல."

ஓட்டியவன் வேகத்தைக் குறைத்தான். போன் அடித்தது. அக்கரை வியாபாரி. எல்லையைத் தாண்டிய செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"அட, வந்துட்டீங்களா! நம்பவே முடியல தம்பி! கொட்டகையில சூடு ஏத்திட்டோம். மூணு பேரை நிறுத்தியிருக்கேன், வந்ததும் இறக்கிடலாம். தண்ணி இப்பவே ஊத்தி வெச்சிடட்டுமா?"

"தண்ணி வேணாங்க," என்றான் பண்ணைக்காரன். "அந்த மூணு பேரையும் குழி வெட்டச் சொல்லுங்க. பெருசா."