எட்டு வார்

மூத்த மருமகளின் கர்ப்பப்பை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியபோது, இளைய மருமகளின் வயிற்றுக்குக் குடிபோனது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பை தைக்கும் பட்டறையில் ஓரகத்திகள் இருவருக்கும் எதிரெதிர் மெஷின். மூத்தவள் பைக்கு வார் தைப்பாள், அதனால் வார்க்காரி. இளையவள் ஜிப் வைப்பாள், அதனால் ஜிப்புக்காரி. நடுவே நாலடிதான், கர்ப்பப்பைக்கு அது ஒரு தூரமா! பிறகு விஷயம் வெளியே வந்தபோதும் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. முந்தைய வருடம்தான் மாடிவீட்டு வாத்தியாரின் குறட்டை எதிர்வீட்டுக்காரருக்குப் போய், இன்றுவரை திரும்பவில்லை.

வார்க்காரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. ஜிப்புக்காரி அந்த வீட்டுக்கு வந்து நாலே மாதம். இரண்டு மாதம் கழித்து அவளுக்கு மசக்கை வந்ததும் மாமியார் இருவரையும் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா திரையைப் பார்த்து, விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் சொன்னார். சின்னவளின் சொந்தக் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது, அதன் பக்கத்தில், மூத்திரப்பை மேல் முன்பக்கமாகச் சாய்ந்தபடி, இன்னொன்று இருக்கிறது, கரு அதில்தான்.

"அது யாரோடது?" என்றார் மாமியார்.

"பெரியவங்களோடது. அவங்க வயித்துல எடம் காலியா இருக்கு. ஆனா பை மட்டும்தான் எடம் மாறியிருக்கு. கட்டெல்லாம் அவங்ககிட்டயே இருக்கு."

கட்டு எட்டு என்று விரல்விட்டு எண்ணினார். பக்கவாட்டில் போர்வை விரித்தாற்போல் அகல நார் இரண்டு, மேல்மூலைகளிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கும் உருட்டு நார் இரண்டு, கர்ப்பப்பையின் கழுத்தை இடுப்புச் சுவரோடு சேர்க்கும் தடித்த நார் இரண்டு, பின்னால் முதுகெலும்பின் அடியோடு இழுத்துக் கட்டியவை இரண்டு. வார்க்காரிக்கு உடனே பிடிபட்டது. பை நடுத்துணியில் கிழியாது, வார் பிடித்த இடத்தில்தான் பிய்யும் என்பது அவளுக்குத் தெரியாததா?

"நீங்க தளர்த்தினா பை எறங்கிடும்மா," என்றார் டாக்டரம்மா.

வார்க்காரியின் காலியான இடத்தில் வயிற்றெரிச்சல் குடிவந்தது. அடுத்த ஸ்கேனில் அது எலுமிச்சம்பழ அளவில் தெரிந்தது, அப்புறம் மாதாமாதம் வளர்ந்தது. ஜிப்புக்காரி மாடியேறினால் இவளுக்குத் தொடையிடுக்கில் சுளீரென்றது. கனமெல்லாம் இவளுக்கு, சாய்வு நாற்காலியும் "பாத்து நடம்மா"வும் அவளுக்கு. ஒன்பது வருடம் மாத்திரை போட்டுக் காத்த பை, நேற்று வந்தவளுக்கு இரண்டே மாதத்தில் வேலை செய்கிறதே என்று வார்க்காரி வெந்து புழுங்கினாள்.

"எனக்குன்னா மட்டும் கல்லு மாதிரி கெடந்துச்சு, பாத்தீங்களா?" என்று புருஷனிடம் பொருமினாள். அவன் துணி வெட்டுவதில் மும்முரமானான். "வயித்தெரிச்சல்காரி கையில கயித்தக் குடுத்து வச்சிருக்கானே கடவுள்," என்று மாமியார் புலம்பினார். ஆனாலும் பயத்தில் அவளுக்கு வேளாவேளைக்குக் காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக.

ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் ஜிப்புக்காரி வீட்டுப் படியில் சறுக்கி உட்கார்ந்தாள். பட்டறையில் எட்டு வாரும் ஒரே இழுப்பாக இழுக்க, வார்க்காரி மெஷின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு போன் வந்தது.

"அக்கா, புள்ள குறுக்கால கெடக்காம். அது திரும்புற வரைக்கும் பை எறங்கக் கூடாதாம். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், விட்டுடாதீங்கக்கா!"

இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டால் போதும், வார் தளர்ந்து எல்லாம் முடிந்துவிடும். விட்டுவிடலாமா என்று நினைத்தாள். பொய் எதற்கு, நினைக்கத்தான் செய்தாள். விட்டால் அந்தப் பை மொத்தமாக ஜிப்புக்காரியுடையதாகிவிடும், கெட்டாலும் அவளுடையது, பிழைத்தாலும் அவளுடையது. அதை நினைத்ததும் அடிவயிறு பற்றி எரிந்தது.

"விடுறதா? என் பைடி அது! உனக்குத் தாரை வாத்துட்டு நான் கைய வீசிட்டுப் போகணுமா? நல்லாருக்குடி உன் நியாயம்! போன வை, பேசினா மூச்சு போகுது."

பதினொன்றிலிருந்து நாலேகால் வரை பிடித்திருந்தாள். தனக்குத் தெரிந்த வசவையெல்லாம் ஜிப்புக்காரிக்குப் பாடினாள், தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாமியார் அவளுக்கு வியர்வை துடைத்துவிட்டார். நாலேகாலுக்குப் பெண் குழந்தை தலை திரும்பி, சுகமாகப் பிறந்தது.

வார்க்காரி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் பிறப்புப் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். 'பெற்றவர்' என்ற வரிக்குக் கீழே டாக்டரம்மா சொன்னபடி பேனாவால் 'பிடித்திருந்தவர்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"கீழயா எழுதினீங்க? மேல எழுதுங்க."

"மேல எடமில்லம்மா."

"எடம் பண்ணுங்க."

நர்ஸ் ஆஸ்பத்திரிப் பெயருக்கும் மேலே, விளிம்பில், நுணுக்கி எழுதினாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இனிமே விட்டுடலாம்மா," என்றார் டாக்டரம்மா. கட்டிலில் கிடந்த ஜிப்புக்காரியையும் அவள் பக்கத்தில் கிடந்த குழந்தையையும் வார்க்காரி மாறிமாறிப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பையில் இன்னும் இரண்டு பிறந்தன, இரண்டுக்கும் அவள்தான் பிடித்தாள், இரண்டு தடவையும் அதே வசவு. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் படிவம் அந்த வரியோடுதான் அச்சாகி வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலே. பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.