நெட்டையனின் கணுக்கால்

தோற்றுப்போனவனுக்கு அன்றைக்கு வேலை அதிகம். காலை ஒன்பதரைக்குள் உள்ளரங்கத்துக்கு வந்து, காத்திருப்போர் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, முழு உடுப்பில், ராக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். டென்னிஸ் ஒற்றையர் பிரதான சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்றவர்களில் பட்டியலில் முதலாவதாக இருப்பவனுக்கு அந்த இடம். முதல் பெயர் அவனுடையது. அக்கா வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருப்பவர். மச்சினனுக்கு ‘ஸ்டெப்னி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

அவன் இப்படிக் காத்திருந்த பதினான்கு வருடத்தில் ஒருவரும் விலகவில்லை. சளி பிடித்தவன்கூட மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடி ஜெயித்தான். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் ராக்கெட்டை மூட்டை கட்டிவிட்டு டயர் கடைக்கு வருவதாக ஸ்டெப்னி வாக்குக் கொடுத்திருந்தான். முதல் சுற்றில் மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

அக்காதான் அவனுக்குக் கோச், டிரைவர், சலவைக்காரி எல்லாம். நடைவழியிலிருந்து மூச்சிரைக்க வந்தாள்.

“டேய், நெட்டையன் நொண்டுறான்டா!”

நெட்டையன், போட்டித் தரவரிசையில் மூன்றாம் இடத்து வீரன்; மிச்சமிருந்த அந்த ஆட்டம் அவனுடையது. ஹோட்டல் படியில் கால் பிசகியிருந்தது.

“பாவம்க்கா.”

“பாவத்தை அப்புறம் படலாம். போய் உன் காலைக் கட்டிட்டு ரெடியா இரு.”

பிசியோ அறையில் பிசியோ இல்லை; யாருடைய தோளையோ பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டெப்னி டேப்பைக் கிழித்தான். ஆள் வைத்துக்கொள்ள வக்கில்லாமல், தன் காலைத் தானே கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவன். கதவு திறந்தது. நெட்டையன் நொண்டி வந்து, எதிரே மேஜையில் ஏறி உட்கார்ந்து, ஏணி நீளக் காலை அவன் மடியில் வைத்தான்.

“சார், கொஞ்சம் சீக்கிரம். பத்து நிமிஷத்துல மேட்ச்.”

எத்தனையோ முறை இரண்டு பேரும் ஒரே அறையில் உடை மாற்றியிருக்கிறார்கள்.

“ஆடலாமா சார்? நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா விலகிடறேன். எனக்கே பயமா இருக்கு.”

ஒரு வார்த்தை. ஸ்டெப்னி அதை உதடு வரைக்கும் கொண்டுவந்தான். அதற்குள் அவன் விரல்கள் அனுமதி கேட்காமல் கணுக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டன. வீக்கம் இல்லை. எலும்பு சமர்த்தாக இருந்தது. கால் பங்கு பிசகல், முக்கால் பங்கு பயம்.

“ஆடலாம்” என்றான். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, ரொம்ப நன்றாகக் கட்டிவிட்டான்.

நெட்டையன் ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று என்று ஜெயித்தான். மைக்கைப் பிடித்து, “அதோ, அந்த பிசியோ சாருக்கு நன்றி” என்று கை காட்டினான். அரங்கமே கைதட்டியது. ஸ்டெப்னி எழுந்து நின்று தலையாட்ட வேண்டியதாயிற்று. பக்கத்தில் அக்கா கைதட்டவில்லை.

காரில் ஏறியதும் ஸ்டெப்னி நடந்ததைச் சொன்னான்.

“அவனே விலகறேன்னானா?”

“ஆமா.”

“நீ ஆடலாம்னியா?”

“கால் நல்லாத்தான்க்கா இருந்தது.”

அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. போனை எடுத்து எதையோ தட்டினாள்.

“மாமாவுக்கா? நாளைக்கே கடைக்கு வரேன்னு சொல்லிடு” என்றான் ஸ்டெப்னி.

“நீயா? டயர் மாத்தணுமான்னு கேட்டு வர்றவனை எல்லாம், நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஓடும்னு திருப்பி அனுப்புவ. ரெண்டே மாசத்துல அந்த மனுஷன் கடையை மூடணும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அடுத்த வார குவாலிஃபையிங் ரவுண்டுக்குப் பேர் குடுத்துட்டேன். பெல்ட்டைப் போடு.”