தோற்பதற்கு ஓர் ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்த புனிதா, உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டி, துடுப்புப் போட்டு வந்தது என்றாள். கால் வராதவர்கள் மார்பைப் பட்டையால் கட்டிக்கொண்டு கைகளாலேயே படகைச் செலுத்தும் போட்டி இருக்கிறதாம். உடனே எழுத ஆரம்பித்தேன்:

'வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் கிடந்த ஏரியில் புனிதாவின் படகு...'

(நிறுத்திவிட்டேன். ஏரியில் தண்ணீர் இல்லை. மல்லாட்டைக் கடலை பயிர் போட்டிருக்கிறார்கள்.)

2

ஆகவே படகும் இல்லை. இரண்டு வருடமாக அவள் பழகியது தரையில் நிற்கும் துடுப்பு எந்திரத்தில். எவ்வளவு இழுத்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். போன தூரத்தைத் திரை மட்டும் காட்டும். மாவட்டத் தேர்வும் அதில்தான், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஜெயித்தால் மாநிலப் போட்டி. அங்கே நிஜப் படகு, நிஜத் தண்ணீர்.

பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தாள். போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் வெங்கடாசலம் விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

"மொதல்ல வரணும்னா, ரெண்டாவதா ஒருத்தங்க வரணும் இல்லம்மா?"

3

புனிதா தோற்பதற்கு ஆள் தேடினாள். [இங்கே ஒரு வில்லியைக் கொண்டுவரப் பார்த்தேன். யாரும் அகப்படவில்லை.] கடைசியில் தையல்காரி கலையரசி ஒப்புக்கொண்டாள். சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போனவள். இருபது வருடமாகக் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில்தான் கடைக்குப் போய்வருகிறாள். [இதைப் புனிதா யோசித்திருக்க வேண்டும். நானும்தான்.]

4

மணமேடையில் இரண்டு எந்திரங்கள். இரண்டாயிரம் மீட்டர். பக்கத்தில் இன்னொருவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு இழுப்பது புனிதாவுக்கு அதுதான் முதல் தடவை. அந்த மூச்சு அவளைத் துரத்தியது. பாதித் தூரத்தில் அவளுக்கு ஒன்று புரிந்தது: கலையரசி தோற்றுக்கொண்டிருக்கவில்லை.

இருவரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் கலையரசி முந்திவிட்டாள், இரண்டு நொடியில். புனிதாவின் திரையிலோ அவள் அதுவரை தொடாத நேரம்.

[முதல் முடிவு: புனிதா அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் தண்ணீர்தான் குடித்தாள்.]

"தோக்கத்தான்டி வந்தேன். கை கேக்கல," என்றாள் கலையரசி. மாநிலப் போட்டிக்கான படிவத்தில் புனிதாவின் பெயரையே போடச் சொன்னாள்.

புனிதாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் திரையில் இருந்த நேரம், தனியாக இழுத்திருந்தால் வந்திருக்காது என்பதும் தெரிந்தது. விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள்.

5

வெங்கடாசலத்துக்குப் பேஜாராகிவிட்டது. ஜெயித்தவள் போகமாட்டேன் என்றால் என்ன செய்வதென்று புத்தகத்தில் இல்லை. பெயர் எழுதாத படிவத்தை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

புனிதா மார்புப் பட்டையை இறுக்கினாள்.

"எக்கா, இன்னொரு தபா இழுக்கலாமா? இந்த தபா ஜெயிக்கறதுக்கு வா."

கலையரசி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பற்றினாள்.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. இரண்டிலும் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை. படிவத்தில் கோடும் ஒன்றுதான் இருக்கிறது. இந்தாருங்கள் பேனா. வெங்கடாசலம் கைகழுவி வருவதற்குள் நீங்களே எழுதிவிடுங்கள்.