மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

வல்லம் வடகாலில் கார் சீட் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், காலை ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்தாக வேண்டும். ஸ்பீக்கரில் மேளம் அடிக்கும். முன்னால் போட்ட சின்ன மேடையில் ஒருவன் ஏறிச் செய்து காட்ட, கீழே நிற்கிற கூட்டம் அவனைப் பார்த்துக் கை தூக்கும், குனியும், கடைசியில் தட்தட்டென்று குதிக்கும். அந்த ஒருவன் தளவாய். கம்பெனி திறந்த வருஷத்திலிருந்து அவன்தான். சீட் பூட்டுவதில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். குதிப்பதில் மட்டும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவன் நம்பினான். நம்பிவிட்டுப் போகட்டும் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

இப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. வலது முட்டி போன மழைக்காலத்திலிருந்தே தகராறு செய்தது. பேன்ட்டுக்குள் இறுக்கமாக ஒரு உறையை மாட்டிக்கொண்டு, வெளியே தெரியாதபடி சமாளித்துவந்தான். குன்றத்தூரில் அவன் குடியிருந்தது மாடி வீடு. காலையில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவான்.

"மேடையேறிக் குதிக்கிற ஆளு, படியில எறங்க இந்தப் பாடு படுதிய. யார ஏமாத்துதிய?" என்று கேட்டாள் அவன் மனைவி இசக்கிசெல்வி.

"ஒன் வேலையப் பாரு" என்றான். வேறென்ன சொல்வான்?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குப் பிசியோதெரபிஸ்டாக ஸௌம்யா வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். வந்த சில நாளிலேயே மைக்கைப் பிடித்தாள்.

"நாப்பத்தஞ்சு தாண்டினவங்க எல்லாம் இருபது வயசுப் பசங்களோட சேர்ந்து குதிக்க வேணாம். உடற்பயிற்சிய நிறுத்தச் சொல்லல, கொறைக்கத்தான் சொல்றேன். குதிக்கிறதுக்குப் பதிலா நின்ன எடத்துலயே நடங்க. முழுசா உக்காராம பாதி உக்காந்து எழுந்திருங்க. பக்கத்துல இருக்கிறவரோட பேசிக்கிட்டே செய்ய முடியணும். அதுதான் உங்களுக்கு அளவு. விருப்பம் இருக்கிறவங்க அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால போய் நிக்கலாம்."

யாரும் அசையவில்லை. காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் முதுகுவலி என்று டாக்டர் சீட்டுக் கொடுத்து 'லைட் டூட்டி' வாங்கிய மூன்று பேர், அடுத்த பொங்கலுக்குள் கம்பெனியில் இல்லை. அவர்களாகப் போனார்களா, அனுப்பினார்களா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே பயம் நன்றாக வேர்விட்டிருந்தது.

கடைசியில் உள்ளூர்க்காரன் எத்திராஜ்தான் நகர்ந்தான். "நமுக்கு இன்னாபா, இடுப்பு எப்பவோ பூட்ச்சி" என்று சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். அவன் பின்னால் இன்னும் சிலர் தயங்கித் தயங்கிப் போனார்கள். வனமாமலையும் ஒரு அடி எடுத்து வைத்தான்.

வனமாமலை தளவாயின் சிநேகிதன், சம வயது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பெனியில் தளவாயின் முட்டி வலி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தளவாய் மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எங்கல போற?"

"குதிச்சா கெண்டைக்கால் வலி உயிர் போவுதுடே. அந்தப் பிள்ள சொல்லுதது சரியாத்தான படுது."

"கோட்டுக்குப் பின்னால போனவன் பேரு நேரா மேல போவும். லைட் டூட்டிக்குப் போனவன்லாம் எங்க இருக்கான், சொல்லு பாப்போம்? ஒன் மவன் படிச்சு முடிக்கட்டும். அது வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லு."

வனமாமலை எடுத்த காலைத் திரும்ப வைத்தான். தளவாய் சொன்னால் அவன் கேட்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தளவாய் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் நிஜமாகவே அவனுக்கு இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. கூட வந்தவன் கிழவர் வரிசைக்குப் போனால், மேடையில் நிற்கிறவனுக்கு என்ன வயது என்று கீழே உள்ளவர்கள் யோசிக்க மாட்டார்களா?

அதன் பிறகு தினமும் பின்வரிசையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது. பேசிக்கொண்டே செய்யச் சொல்லியிருக்கிறதே, எத்திராஜ் வஞ்சகமில்லாமல் பேசினான். மேடையில் முட்டி நெருப்பாக எரிய நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலைக் கிளப்பியது. ஒரு நாள் காலை, மேளம் ஓய்ந்த பிறகும் தளவாய் நிறுத்தவில்லை. "இன்னும் ஒரு ரவுண்டு!" என்று கத்திவிட்டுக் குதித்தான். இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு கூடவே குதித்தார்கள்.

அந்த ரவுண்டில்தான் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது.

வனமாமலை சட்டென்று பின்னால் திரும்பி, "யாருல என்னய மிதிச்சது?" என்று உறுமினான். பின்னால் நின்ற ஒடிசாக்காரன் மிரண்டுபோய்த் தலையை ஆட்டினான். யாரும் மிதிக்கவில்லை. அவன் மேல் பாய ஒரு எட்டு வைத்த வனமாமலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஸௌம்யா ஓடிவந்து அவனைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். பாதம் அசையவில்லை. அவள் முகம் மாறியதைத் தளவாய் மேடையிலிருந்தே பார்த்தான்.

குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மாதக்கணக்கில் கட்டோடு படுத்துக்கிடந்தான். கட்டுப் பிரித்த பிறகும் தொடர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. லைனில் எல்லாமே நின்று பார்க்கிற வேலை. வீட்டிலேயே இரண்டு முறை நின்று பார்த்துவிட்டு, கம்பெனிப் பக்கம் போகாமலே வனமாமலை தானாக ராஜினாமா எழுதி அனுப்பினான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தளவாய் மேடையை விட்டிருந்தான்; அதை அவனிடம் சொல்லவில்லை. சக்திகுமார் என்ற இளைஞன் அங்கே ஏறினான். தளவாய் தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனான். யாராவது குத்திப் பேசினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. யாரும் பேசவில்லை.

"வாண்ணே" என்றான் எத்திராஜ். "அதோ ரெண்டு எடம் கீது பாரு. ஒனக்கும் வனமாமலைக்கும்னு மொத நாளே வுட்டு வெச்சோம். நீங்க எப்பவும் ஒண்ணாத்தானே வருவீங்க?"

தளவாய் ஒன்றில் நின்றான். மற்றது காலியாகவே கிடந்தது.

பின்வரிசையில் ஒருவனுக்குக்கூட வேலை போகவில்லை. எத்திராஜுக்கு அந்த வருஷம் சம்பளம்கூட உயர்ந்தது. தளவாயின் முட்டி வீக்கம் வற்றியது. ஒரு நாள் காலை, தன்னையறியாமல் கைப்பிடியைத் தொடாமல், நேராகவே மாடிப்படி இறங்கிவிட்டான். கீழே வந்த பிறகுதான் உறைத்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று அழுதான்.

ஊருக்குத் திரும்பும் நாளில் வனமாமலை சொல்லி அனுப்பியிருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் குட்டியானை வண்டி நின்றது. சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. வனமாமலை பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பூமாரி பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தளவாயைப் பார்த்து "வாங்க" என்றதோடு சரி.

"ஏ தளவா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றான் வனமாமலை. "அந்தப் பின்வரிசைக்காரனுவ எல்லாம் எப்படி இருக்கானுவ? வேலையில இருக்கானுவல்லா?"

மூட்டை கட்டிய பூமாரியின் கை நின்றது. அவள் நிமிரவில்லை. அவள்தான் உண்மையில் கேட்கிறாள் என்று தளவாய்க்குப் புரிந்தது.

"எங்க இருக்கானுவ" என்றான். "பாதிப் பேர அனுப்பியாச்சு. எத்திராஜும் போயிட்டான்."

வனமாமலை நீளமாக மூச்சு விட்டான். மாதக்கணக்காக அடைத்திருந்தது இறங்கிய மாதிரி முகம் தெளிந்தது.

"கேட்டியா பூமாரி? அன்னைக்கே பின்னால போயிருந்தா காலும் இருந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும்னு என்னயப் போட்டு அரிச்சியே. போயிருந்தாலும் இதே கததான். இவன் நம்ம நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கான்."

பூமாரி எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கள மனசுக்குள்ள என்னென்னமோ வைஞ்சிட்டேண்ணே. மன்னிச்சுக்கிடுங்க" என்றாள். தளவாய் குனிந்து அவள் கட்டிய மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தான்.

சாமான் ஏறி முடிந்தது. இரண்டு பேராகச் சேர்ந்து வனமாமலையைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வண்டி கிளம்பப்போகிற நேரத்தில் அவன் ஜன்னல் வழியே கையை நீட்டினான்.

"நீ மட்டும் அந்தப் பக்கம் போயிராதல. முட்டி என்ன பாடு படுத்தினாலும் முன்னாலயே நின்னு குதி. எனக்குச் சத்தியம் பண்ணு."

"போவ மாட்டேன்" என்று அவன் உள்ளங்கையில் அடித்தான் தளவாய்.