இரண்டாம் நாற்காலிக்காரனின் வாய்

என் மச்சானின் வாய்க்கு ஓய்வே கிடையாது. முடிவெட்டும் கடை அவருடையது. முதல் நாற்காலியில் அவர், இரண்டாவதில் நான். அவரிடம் தலையைக் கொடுத்தவன் மாமியார் சண்டை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போவான். என் பக்கம் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். அதில் என்ன குற்றம் என்றுதான் இந்த வயதிலும் விளங்கவில்லை.

சின்ன வயதில் உம்மணாமூஞ்சி என்றார்கள். கல்யாணமான புதிதில், "எம்மேல கோவமா?" என்று கேட்டுக் கேட்டு மனைவி அலுத்துப்போனாள். கோபமில்லை, நான் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே! கடைசியில், என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நானே நம்பிவிட்டேன்.

போன வாரம் எதிரே புதுக் கடை திறந்தார்கள். மச்சானுக்குத் தூக்கம் போயிற்று.

"மாப்ள, வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசு. இந்த வாரமும் இப்படி உர்ருனு நின்னா, பின்னாடி தலை கழுவுற தொட்டிக்குப் போயிடு. உன் நாற்காலிக்கு வேற ஆளு போடுறேன்."

என் நாற்காலிக்கு வேற ஆளாம்! ஆனாலும் பேசினேன். வெயில் ஜாஸ்தி என்றேன், விலைவாசி ஏறிப்போச்சு என்றேன். என் குரல் என் காதுக்கே நாராசமாக இருந்தது.

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். வருஷக்கணக்காக என்னிடம்தான் வெட்டிக்கொள்கிறார். மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டுமாம், லேசாக ஒதுக்கினால் போதும் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மச்சான் ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினைக் காதோரம் வைத்தபடி கேட்டுத் தொலைத்தேன்.

"பசங்க எப்படி இருக்காங்க சார்?"

கேள்வி கேட்டால் மனுஷன் திரும்பித்தான் பதில் சொல்வான். பேசிப் பழகிய மச்சான், மெஷினை எடுத்த பிறகே வாயைத் திறப்பார். எனக்கு அது எங்கே தெரியும்? அவர் திரும்பினார். காதுக்கு மேலே ஒரு பாதை விழுந்தது. அதற்குச் சமமாக மறுபக்கத்தை இறக்கப் போனேன். பதற்றத்தில், "எந்த ஸ்கூல் சார்?" என்று வாய் உளறியது. பாவி மனுஷன் அதற்கும் திரும்பினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அலறிவிட்டார். மச்சான் ஓடி வந்து, "இப்ப இதான் சார் ஸ்டைலு" என்று புளுகினார்.

"ஸ்டைலா? இவர் பேசாம வெட்டுவாருன்னுதானே இங்க வர்றேன்! வீட்லயும் ஆபீஸ்லயும் காது புளிச்சுப் போகுது. இங்கதான் கொஞ்ச நேரம் நிம்மதி. இன்னைக்கு இவரும் ஆரம்பிச்சுட்டாரு!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவை சொன்னால் இவர் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

"மாப்ள, நீ தொட்டிக்கே போ" என்றார் மச்சான்.

"போமாட்டேன். எனக்குக் கோவமும் இல்ல, வருத்தமும் இல்ல, கோளாறும் இல்ல. பேசாம இருந்தா சந்தோஷமா இருக்கேன், அவ்வளவுதான். உங்களுக்காக வேற எவனாவோ நின்னு ஒரு நல்ல தலையைக் கெடுத்துட்டேன். கடை உங்களது, வெளிய போன்னா போறேன். ஆனா இங்க நிக்கிற வரைக்கும் நான் நானாத்தான் நிப்பேன்."

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு பேச வருதுல்ல? இதையே வர்றவங்ககிட்ட பேசினா என்னடா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடிக்காரரை உட்காரவைத்து, மிச்சமிருந்த முடியைச் சரிசெய்யக் கத்தரியை எடுத்தேன். மச்சான் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார். நான் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு என்மேல் கோபம் வரவில்லை.